வெங்காயக் கொல்லையில் வரகுக்கோழி

"டீச்சரு எங்க? அந்த டீச்சர வரச் சொல்லு மொதல்ல!"

அஞ்சலை அக்காவின் குரல் பனிக்குள்ளிருந்து வந்தது. நான் சென்னைப் பதிவெண் கொண்ட ஒரு வேனுக்குப் பின்னால் குனிந்து நின்றிருந்தேன், ஷூ கயிறு கட்டுகிற பாவனையில். அன்று நான் போட்டிருந்தது ரப்பர் செருப்பு.

மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. சூரியன் அப்போதுதான் பனைமரங்களின் இடுப்புவரை ஏறியிருந்தது. கொல்லைக்குப் போகிற வண்டிப்பாதையில் ஏழெட்டு வண்டிகள். இறங்கியவர்கள் நாற்பது பேர் இருக்கும். எல்லோரும் இலை தழை அச்சிட்ட சட்டை போட்டிருந்தார்கள். மறைந்திருப்பதற்கான சட்டை. நாற்பது பேர் சேர்ந்து போட்டால் எப்படி மறையும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. கைக்குழந்தையைத் துணியில் சுற்றி ஏந்துவதுபோல ஆளுக்கொரு லென்ஸை ஏந்தியிருந்தார்கள்.

அவர்களுக்கு எதிரே அக்கா ஒற்றை ஆளாகக் களைக்கொட்டோடு நின்றார். அவர் காலடியில் நாலு பாத்தி சின்ன வெங்காயம் மிதிபட்டுப் படுத்துக் கிடந்தது. நசுங்கிய வெங்காயத் தாளின் நெடி நான் ஒளிந்திருந்த இடம்வரை வந்து கண்ணைக் கரித்தது.

"கோழி பாக்கவா இத்தினி பேரு வந்தீங்க? உங்க ஊர்ல கோழி இல்ல?"

ஒரு கண்ணாடிக்காரர் பணிவாகச் சொன்னார்: "அம்மா, இது சாதாரணக் கோழி இல்லைங்க. உலகத்துலயே கொஞ்சந்தான் இருக்கு."

"வெங்காயமும் எங்கிட்ட கொஞ்சந்தான் இருக்கு. கால எடு."

அந்த நாற்பது பேரையும் அங்கே வரவழைத்தது நான்தான். அதனால்தான் வேனுக்குப் பின்னால் இருந்தேன்.

எல்லாரும் போயிட்டாங்க மேடம்

இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு நான் பெரம்பலூர்ப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை என்பது தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு தகவல் போதும். என் குரலுக்கு மைக் தேவைப்பட்டதில்லை. மைதானத்தின் இந்த மூலையிலிருந்து நான் "ஏ, கவிதா!" என்றால் அந்த மூலையில் நாலு கவிதாக்கள் உறைந்து நிற்பார்கள்.

இப்படிப்பட்ட ஒருத்தி பறவை பார்க்கப் போனது விபத்து. பல வருடங்களுக்கு முன் பிள்ளைகளைக் கரைவெட்டி ஏரிக்கு அழைத்துப் போனேன். கரையில் இறங்கியதும் வழக்கப்படி பெயர் கூப்பிட்டு ஆள் எண்ண ஆரம்பித்தேன். மூன்றாவது பெயரில் ஏரி எழுந்துவிட்டது. தண்ணீர் முழுக்கக் கறுப்புப் புள்ளிகளாக மிதந்தவை அத்தனையும் ஒரே நேரத்தில் கிளம்பி, தலைக்கு மேல் மழை பெய்வதுபோல இரைச்சலிட்டுப் போயின. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அவை ஊசிவால் வாத்துகள் என்பதுகூட அன்று தெரியாது.

பக்கத்தில் ஒரு மனிதர் பைனாகுலரை மெதுவாகக் கீழே இறக்கினார். ஃபிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றிக்கொண்டே சொன்னார்:

"அட்டெண்டன்ஸ் எடுத்தாச்சா மேடம்? எல்லாரும் போயிட்டாங்க."

பெரம்பலூரில் பல் மருத்துவமனை வைத்திருக்கும் இளங்கோவன் டாக்டரை எனக்கு அறிமுகம் செய்துவைத்தது அந்த வாத்துகள்தாம். திட்டிய கையோடு எனக்கும் ஒரு மூடி டீ கொடுத்தார். அடுத்த வாரமே நான் ஒரு பைனாகுலர் வாங்கிவிட்டேன்.

மூன்று பேர் கொண்ட சங்கம்

எங்கள் குழுவில் மொத்தமே மூன்று பேர். டாக்டர், நான், வரதராஜன்பேட்டை மைக்கேல். மைக்கேல் சுண்ணாம்புக்கல் டிப்பர் லாரி ஓட்டுகிறவர். உயரமான சீட்டில் உட்கார்ந்து போவதால் எங்கள் இருவரையும்விட அதிகம் பார்ப்பார். பறவைகளின் பெயர்தான் தெரியாது. வாட்ஸாப்பில் குரல் அனுப்புவார்: "டாக்டர், கரண்டு கம்பில ஒண்ணு உக்காந்துருக்கு. மூஞ்சி, சம்பந்தி வூட்டுல கோவிச்சிக்கிட்டு வந்த மாமனாரு மாதிரி இருக்கு." டாக்டர் உடனே பதில் போடுவார்: "அது வல்லூறு." ஒருமுறையும் தப்பியதில்லை.

என் கதை வேறு. சேர்ந்த முதல் வருடத்தில், திருமானூர்ப் பக்கம் அறுவடையான வயலில் நான் ஒரு செங்கால் நாரையைப் பார்த்துவிட்டேன். வெள்ளை உடம்பு, கறுத்த இறக்கை, சிவந்த கால். நம் பக்கம் அபூர்வமாக வருவது. உடனே படமெடுத்து அனுப்பினேன். டாக்டர் ஒரு மணி நேரம் பதில் போடவில்லை. பிறகு எழுதினார்: "டீச்சர், அதன் அலகு நடுவில் சந்து தெரிகிறது. வாயை மூட முடியாத பறவை. நத்தைகுத்தி நாரை. நம் ஏரிகளில் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. வாயை மூட முடியாதவர்களிடம் உங்களுக்கு ஒரு பாசம் இருப்பது இயற்கை."

அன்றிலிருந்து மைக்கேல் எந்த நாரையைப் பார்த்தாலும் எனக்குத் தனியாக அனுப்பி, "டீச்சர், செங்காலா?" என்று கேட்பார். சிரித்துக்கொள்வேன். உள்ளுக்குள் ஒரு முள் இருந்துகொண்டே இருந்தது. ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் இவர்கள் வாயடைக்கிற மாதிரி ஒன்றைப் பார்த்துக் காட்டவேண்டும்.

டாக்டருக்கும் ஒரு குறை இருந்தது. அவருடைய பறவைப் புத்தகத்தில் ஒரே ஒரு பக்கத்தில் பேருந்து டிக்கெட் ஒன்று செருகியிருக்கும். வரகுக்கோழியின் பக்கம். புல்வெளியில் வாழும் பறவை, நாட்டுக்கோழியைவிடச் சற்றுப் பெரியது, கழுத்தும் காலும் நீளம். ஒரு காலத்தில் நம் வரகுக் கொல்லைகளில் குளிர்காலத்தில் திரிந்தது. இப்போது நாடு முழுவதுமே சொற்பம். இருபது வருடமாக ஒவ்வொரு குளிர்காலமும் தரிசு தரிசாக அலைந்தார். ஒரு இறகுகூடக் கிடைக்கவில்லை.

எங்கள் சங்கத்துக்கு அவர் போட்ட விதி ஒன்றே ஒன்று. அபூர்வமான பறவை என்றால் பெயரைச் சொல்லலாம், இடத்தைச் சொல்லக்கூடாது.

சனிக்கிழமை

அஞ்சலை அக்காவின் மகள் என் பள்ளியில் கோ-கோ ஆடியவள். இப்போது திருச்சியில் நர்ஸ். அந்தப் பழக்கத்தில் அக்காவின் கொல்லையோரம் வண்டியை நிறுத்திவிட்டு நான் சனிக்கிழமைகளில் சுற்றுவது உண்டு. ஊர்ப் பெயர் கேட்டு யாரும் கடிதம் எழுத வேண்டாம். விக்கிரமங்கலம் போகிற வழி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வழியில் இல்லை.

அக்கா களை எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்துத் தரிசில் இடுப்பளவு புல், நுனியெல்லாம் பனி.

"டீச்சரு, நேத்துலருந்து ஒண்ணு இங்க மேயுது. பாத்தீங்களா?"

"என்னக்கா?"

"அங்க பாருங்க, அந்த வேலாமரத்துக்கு இந்தாண்ட."

புல் விலகியது. முதலில் ஒரு கழுத்து வந்தது. பிறகு மணல் நிற உடம்பு. அதில் கறுப்பு மையால் யாரோ அவசரமாகக் கிறுக்கியது போலக் கோடுகள். ஒரு காலை எடுத்து வைத்து, நின்று, யோசித்து, மறு காலை வைத்தது. வெங்காயப் பாத்தி ஓரத்தில் ஒரு வெட்டுக்கிளியைக் கொத்தி விழுங்கியது. டாக்டர் டிக்கெட் செருகி வைத்திருந்த பக்கம்.

"வரவுக்கோழிங்க," என்றார் அக்கா சாதாரணமாக. வரகு அவர் வாயில் வரவுதான். "எங்கப்பா இருந்தப்ப நெறைய வரும். கொழம்பு வச்சா நல்லாருக்கும்."

"அக்கா!"

"இப்ப யாரு வக்கிறா? சும்மா சொன்னேன்."

பைனாகுலரின் ஒரு கண்ணில் செல்போனை ஒட்டிவைத்துப் படமெடுத்தேன். மங்கல்தான். ஆனால் கழுத்து, கோடு, கால் எல்லாம் தெரிந்தன. இந்த முறை சந்தேகமில்லை.

இங்கேதான் நான் செய்ததைச் சொல்லவேண்டும். நியாயமாக நான் முதலில் டாக்டரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. 'நல்லாப் பாத்தீங்களா டீச்சர், அலகுல சந்து இருந்துச்சா?' என்று அவர் கேட்பது என் காதில் அப்போதே விழுந்தது. அதனால் மாநிலம் முழுக்க ஆயிரம் பேர் இருக்கிற பெரிய குழுவில் நேராகப் படத்தைப் போட்டேன். நம்பவேண்டுமே என்று கூடவே இடத்தின் வரைபடக் குறியையும் போட்டேன். வாழ்த்துகள் வந்து குவிந்தன. கடலைமிட்டாய் வாங்கித் தின்றுகொண்டே வீட்டுக்குப் போனேன்.

மதியம் டாக்டர் போன் செய்தார். யாரோ சென்னைக்காரர் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்திருந்தது.

"உண்மைதானா டீச்சர்?"

"உண்மைதான் டாக்டர்."

"எங்கிட்ட மொதல்ல சொல்லிருக்கலாம்," என்றார். "நான் வெளியூர்ல ஒரு கல்யாணத்துல இருக்கேன், ராத்திரிதான் திரும்புவேன். எடத்தையும் போட்டுருக்கீங்க. எடுத்துடுங்க."

எடுத்துவிட்டேன். அதற்குள் ஊரே பார்த்திருந்தது.

ஒரு வரிசை

இனி வேனுக்குப் பின்னால் போகலாம்.

அக்கா திட்டத் திட்ட, கூட்டம் பாத்தியைவிட்டு வரப்புக்கு ஏறியது. ஆனால் கலையவில்லை. விடியற்காலையிலிருந்து காத்தும் பறவை புல்லைவிட்டு வெளியே வரவில்லை. இரவெல்லாம் வண்டியோட்டி வந்தவர்கள். திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பவேண்டியவர்கள். இருப்புக்கொள்ளாமல் நின்றார்கள்.

மைக்கேல் என்னைக் கண்டுபிடித்துவிட்டார். "டீச்சர், இங்க என்ன பண்றீங்க? டாக்டர் பொறப்பட்டுட்டாராம். கன்னம் வீங்கி ஒரு பேஷண்ட் காலைலயே வந்து கதவத் தட்டிருக்காரு, அதான் லேட்டு. இன்னும் பத்து நிமிஷம். அதுவரைக்கும் கோழி எங்கயும் போவாம பாத்துக்கச் சொன்னாரு."

அந்த நேரத்தில்தான் ஒருவர் சத்தமாக யோசனை சொன்னார்.

"எல்லாரும் கைகோர்த்தாப்ல ஒரே லைன்ல நடந்தா அது எந்திரிச்சிரும். பறக்கறப்ப எடுத்துடலாம். ஒரே ஒரு வாட்டி."

சிலர் வேண்டாம் என்றார்கள். ஆனால் நாலு பேர் இறங்கியதும் நாற்பது பேரும் இறங்கிவிட்டார்கள். வரிசை அமைந்தது. வெங்காயக் கொல்லையின் இந்தக் கோடியிலிருந்து தரிசின் அந்தக் கோடிவரை. அக்கா குறுக்கே ஓடினார். "ஐயோ, மிதிக்காதீங்க சாமி! மொளச்ச பயிருங்க!" என்றபோது அவர் குரல் உடைந்துவிட்டது. அதுவரை திட்டியவர் கெஞ்ச ஆரம்பித்திருந்தார்.

இத்தனை வருடம் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியே சம்பளம் வாங்கியவள் நான். ஒரு வரிசையைப் பார்த்து எனக்கு ஆத்திரம் வந்தது அன்றுதான்.

அந்தப் புல்லுக்குள் ஒரு உயிர் ஒடுங்கிக் கிடக்கிறது. இவர்கள் காலில் எழுப்புவார்கள், அது போய் விழும், மறுபடி போய் எழுப்புவார்கள். சாயங்காலம்வரை விடமாட்டார்கள். நான் அதை முதலிலேயே கிளப்பிவிட்டால் தூரமாவது போகும். ஆனால் டாக்டர் வந்துகொண்டிருக்கிறார். இருபது வருடம். பத்து நிமிடம்.

அக்காவின் கண்ணெதிரே இன்னொரு பாத்தி நசுங்கியது.

என் கைப்பையில் சாவிக்கொத்தோடு விசில் எப்போதும் கிடக்கும். எடுத்தேன். வேன் மறைவைவிட்டு வெளியே வந்தேன். மாவட்ட விளையாட்டுப் போட்டிக்கு ஊதுகிற ஊதலை ஊதினேன். நீளமாக ஒன்று, பிறகு விட்டுவிட்டு மூன்று.

நாற்பது பேரும் அப்படியே நின்று என் பக்கம் திரும்பினார்கள். அந்த நொடியில்தான் அவர்கள் முதுகுக்குப் பின்னால், பதினைந்தடி தூரத்தில், வரகுக்கோழி எழுந்தது. விறுவிறுவென்று இறக்கையடித்து, வேலாமரத்தைத் தாண்டி, மக்காச்சோளக் கொல்லைகளைத் தாண்டி, மேற்கே புள்ளியாகிப் போனது. அதை முழுசாகப் பார்த்தது நானும் அக்காவும் மைக்கேலும் மட்டும்தான். நாற்பது லென்ஸிலும் பதிவானது வாயில் விசிலோடு நான்.

"பைத்தியமா நீங்க?" என்று ஒரு அம்மா கேட்டார். அதைவிடக் காரமாகவும் பலர் கேட்டார்கள். "எல்லாரும் வரப்புக்கு ஏறுங்க," என்றேன். மைதானத்துக் குரல். ஏறினார்கள்.

கடைசி வண்டி கிளம்பிக்கொண்டிருக்கும்போது டாக்டரின் கார் வந்தது. மருத்துவமனைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் இறங்கினார். "எங்க?"

மைக்கேல் மேற்கே கையைக் காட்டினார். "போயிடுச்சு டாக்டர்."

"யாரு கெளப்புனது?"

மைக்கேல் என்னைப் பார்க்காமலிருக்கப் பாடுபட்டார்.

"நான்தான் டாக்டர்," என்றேன்.

அவர் வெறும் புல்லைப் பார்த்தார். கார் கதவில் சாய்ந்து ஃபிளாஸ்க்கைத் திறந்து, ஒரு மூடி டீ ஊற்றிக் குடித்தார். என்னிடம் நீட்டவில்லை. மூடியைத் திருகி மூடி, ஏறிப் போய்விட்டார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பல்

ஒரு வாரத்துக்கு என் படம்தான் எல்லாக் குழுவிலும் சுற்றியது. கன்னம் இரண்டும் உப்பி, கண் பிதுங்கி நின்றிருந்தேன். 'விசில் டீச்சர்' என்று பெயரும் ஆனது. டாக்டர் எங்கள் மூன்று பேர் குழுவில் எதுவும் எழுதவில்லை. மைக்கேல் நாரைப் படம் போட்டார். அதற்கும் பதில் இல்லை.

நான் சனி ஞாயிறுகளில் அக்காவின் கொல்லைக்குப் போனேன். மிதிபட்டதில் பிழைத்ததை நிமிர்த்தி மண் அணைத்தோம். செத்துப்போன பாத்திகளை அக்கா கொத்திவிட்டுக் கொத்தமல்லி தெளித்தார். நானும் களை எடுத்தேன். முதல் நாள் அரைப் பாத்தி முடித்துவிட்டுப் பெருமையோடு நிமிர்ந்தால், அக்கா நான் பிடுங்கிப்போட்ட குவியலைக் கிளறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சரு, அந்த நாப்பது பேரும் மிதிச்சுதான் போட்டாங்க. நீங்க வேரோட புடுங்கிட்டீங்களே."

என்மேல் கோபம் போய்விட்டது என்று அதில்தான் தெரிந்துகொண்டேன்.

பொங்கலுக்கு முன்னால் அக்காவின் ஒரு பக்கத் தாடை வீங்கியது. கடைவாய்ப் பல். துணியைக் கட்டிக்கொண்டு களை எடுத்துக்கொண்டிருந்தார். பெரம்பலூருக்குப் போய் இளங்கோவன் டாக்டரைப் பாருங்கள் என்றேன்.

"நீங்களும் வாங்க."

"என்னைப் பாத்தா வேற பல்லைப் புடுங்கிடுவாரு. நீங்க மட்டும் போங்க."

போனார். திரும்பி வந்து பஞ்சைக் கடித்தபடியே விவரம் சொன்னார். "வெங்காயக் கொல்லைக்காரின்னு சொன்னதும் ஒக்கார வச்சுக் கேட்டாரு. எந்தப் பக்கத்துலருந்து வந்துச்சு, என்ன தின்னுச்சு, கழுத்த எப்படி வச்சிருந்துச்சுன்னு. வெளிய எட்டு பேரு காத்திருக்காங்க. எனக்கு மரத்துப்போன வாயி. எப்படிப் பேசுறது? கையாலயே கோழி மாதிரி நடந்து காமிச்சேன்."

"என்னைப் பத்தி ஏதும் கேட்டாரா?"

"திட்டுனாரு."

"என்னன்னு?"

"அத எதுக்கு சொல்லிக்கிட்டு. ஆனா வலிக்காம புடுங்குனாருங்க."

தை கடைசியில்

வெங்காய அறுப்பு முடிந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. பத்து மணி இருக்கும். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கேட்டுக்கு வெளியே கார் நின்றது. டாக்டர் நொண்டிக்கொண்டே வந்தார். கையில் செருப்பு. பேண்ட்டெல்லாம் புல்விதை.

"ஒரு ஊக்கு குடுங்க டீச்சர்," என்றார். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

வாசற்படியில் உட்கார்ந்து பாதத்தைத் திருப்பினார். ஏழெட்டு நெருஞ்சி முள். ஊக்கைக் கொடுத்தேன். ஒன்றைக் கிளப்பியெடுத்துத் தரையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"பாத்துட்டேன்."

எனக்கு எதை என்று கேட்கத் தோன்றவில்லை. "எப்போ?"

"காலைல. அஞ்சலையம்மா போன் பண்ணாங்க. கேமராவ வண்டிலயே வைக்கச் சொல்லிட்டாங்க. செருப்பையும் கழட்டச் சொல்லிட்டாங்க. கொல்லை மிதிபடுமாம்." அடுத்த முள்ளை எடுத்தார். "ரொம்பக் கிட்டக்க டீச்சர். ஒரு வெட்டுக்கிளியப் புடிச்சு, அது காலு மட்டும் வாய்க்கு வெளிய ஆடிக்கிட்டிருக்க, என்னப் பாத்துச்சு. நான் அப்படியே நின்னுட்டேன். முள்ளு மேலதான் நிக்கறேன்னுகூடத் தெரியல."

குனிந்து பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே போய் டீ போட்டேன். பாலை வேண்டுமென்றே மெதுவாகக் காய்ச்சினேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொள்ள நேரம் வேண்டுமே.

டம்ளரைக் கொடுத்தபோது பழைய டாக்டராகியிருந்தார். "அன்னிக்கு நீங்க ஊதலைன்னா அந்த ஆளுங்க அத ஒரு வழி பண்ணிருப்பாங்க," என்றார். "அது தெரியும். ஆனாலும் பத்து நிமிஷம் கழிச்சு ஊதிருக்கலாம்."

"எந்தக் கொல்லைல டாக்டர்? அதே தரிசா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "கேக்காதீங்க. அஞ்சலையம்மா கைல அடிச்சு சத்தியம் வாங்கிருக்காங்க. யாருக்கும் சொல்லக்கூடாதாம். குறிப்பா உங்களுக்கு."

எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பறவையைக் கண்டுபிடித்து உலகத்துக்குச் சொன்னவள் நான். அவர் போனபிறகு அரைநாள் வீட்டில் பாத்திரங்களெல்லாம் சத்தம் போட்டன. சாயங்காலம் கோபம் கொஞ்சம் இறங்கியதும் அக்காவுக்குப் போன் செய்தேன். இடத்தைக் கேட்கக்கூடாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேதான் எண்ணை அழுத்தினேன்.

"சொல்லுங்க டீச்சரு. வெங்காயம் வேணுங்களா?"

"வெங்காயம் இருக்கட்டும்க்கா. அது..." என்று இழுத்தேன். "அது எப்படி இருக்கு?"

அந்தப் பக்கம் அக்கா சிரிப்பை அடக்குவது கேட்டது.

"நல்லாருக்குதுங்க. நல்லா மேயுது. நீங்க விசாரிச்சீங்கன்னு சொல்லிடறேன்."